‘எட்டு மாசத்துல பிறந்தது’: அட்டையில் விடுபட்ட ஒரு குறைப்பிரசவ வரலாறும் அதற்கடுத்த கர்ப்பமும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில், பெண்களின் கைக்காசுக்குப் பீடி சுற்றுவதையே பெரிதும் நம்பியிருக்கும் சில கிராமங்களுக்கான ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த நிகழ்வு நடந்தது. அங்கே மருத்துவ அலுவலராக இருந்த நான், அந்தப் பெண்ணின் ஒப்புதலோடு இதைப் பதிவு செய்கிறேன். பெயர்களையும் ஊரையும் மருத்துவமனையையும் தவிர்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு முன்பே ஒரு குறைப்பிரசவம் நடந்திருந்தது. அதை அவரும் அவருடைய குடும்பத்தாரும் மறைக்கவில்லை. ஆயினும் மூன்றாவது கர்ப்பத்தின் 17ஆம் வாரம் வரை எங்கள் பதிவேட்டில் அந்தச் செய்தி ஏறவில்லை. அது ஏன் விடுபட்டது, தெரியவந்த பிறகு என்னென்ன செய்ய முடிந்தது, எது கைகூடவில்லை என்பதைப் பிறருக்குப் பயன்படும் வகையில் எழுதி வைக்க வேண்டும் என்று எண்ணினேன்.

கர்ப்பத்தின் 37 வாரங்கள் நிறைவடையும் முன் நிகழும் பிரசவத்தைக் குறைப்பிரசவம் என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், அதாவது பத்தில் ஒரு குழந்தை, இவ்வாறு காலத்துக்கு முன் பிறந்தன. அவற்றுள் 30 லட்சத்துக்கு மேற்பட்டவை இந்தியாவில் பிறந்தவை. ஐந்து வயதுக்குள் நேரும் குழந்தை இறப்புகளுக்கு இதன் விளைவுகளே முதற்காரணமாக இருக்கின்றன. தாயின் உடல்நிலையிலும் வாழ்நிலையிலும் முன்கூட்டியே காணக்கூடிய ஆபத்துக் காரணிகள் பல உண்டு: இரட்டைக் கரு, கருப்பை வாய் குறுகியிருத்தல், சிறுநீர்த் தொற்றும் பிறப்புறுப்புத் தொற்றும், இரத்தசோகை, எடைக்குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலை, மிக இளம் வயது, இரண்டு கர்ப்பங்களுக்கு இடையே போதிய இடைவெளியின்மை. இவற்றுள் மிக வலுவான ஒன்று, முன்பு நடந்த குறைப்பிரசவம். அதைக் கண்டறியக் கருவியோ ஆய்வகமோ தேவையில்லை. வாய் திறந்து கேட்டால் போதும். நாங்கள் தவறியது அந்தக் கேள்வியில்தான்.

பதிவும் முதல் பரிசோதனைகளும்

வயது 23, திருமணமாகி நான்கு ஆண்டுகள், கணவர் கேரளத்தில் கட்டட வேலை பார்த்து மாதம் ஒருமுறை ஊருக்கு வருபவர். மாமியாரோடும் நாத்தனாரோடும் இரண்டு அறை வீட்டில் வாழ்ந்த அவர், நாளொன்றுக்கு 800 பீடி வரை சுற்றி வந்தார். ஒன்பதாம் வாரத்தில் துணை சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் பெற்றார். எடை 39 கிலோ, உயரம் 150 செ.மீ., இரத்த அழுத்தம் 100/60, ஹீமோகுளோபின் (எச்.பி.) 8.4. உடல் நிறை எண் 17.3, அதாவது, குறைந்தபட்சம் இருக்க வேண்டிய 18.5க்கும் கீழே.

தாய்-சேய் நல அட்டையில், முந்தைய கர்ப்பங்கள் பகுதியில் எழுதியிருந்தது இவ்வளவே: ‘மூன்றாவது கர்ப்பம். பிரசவம் 1. கருச்சிதைவு 1. உயிருடன் குழந்தை இல்லை. முதல் குழந்தை மூச்சுத்திணறலால் இறப்பு.’ ஆபத்துக் காரணிகளுக்கான இடத்தில் ‘இரத்தசோகை, எடைக்குறைவு’ என்று சிவப்பு மையில் குறித்திருந்தது.

13ஆம் வாரத்தில், மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் சிறப்புப் பரிசோதனை முகாமில் நான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அன்று நூற்றுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் வந்திருந்தனர். அட்டையைப் படித்தேன், வெளிறிய நாக்கையும் இமையையும் பார்த்தேன், இரும்புச்சத்து மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினேன், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் குழந்தை எதனால் இறந்தது என்று கேட்டேன், மூச்சுத்திணறல் என்றார். எந்த மாதத்தில் பிறந்தது என்று நான் கேட்கவில்லை. இறந்த காரணம் தெரிந்துவிட்டதாலேயே வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல் போயிற்று. பச்சிளங்குழந்தையின் மூச்சுத்திணறல் நுரையீரல் முதிராமையாலும் வரலாம் என்பதை ஒரு மருத்துவர் அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நினைத்திருக்க வேண்டும். இந்தத் தவறு என்னுடையது.

அந்த வாரமே எடுத்த ஸ்கேன் பின்னால் பெரும் உதவியாக அமைந்தது. கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டபோது, ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு முந்தைய வாரம் என்று அவர் சொல்லியிருந்தார். கிராம சுகாதாரச் செவிலியர் அதைக் கொண்டு ஒரு தேதியைக் கணக்கிட்டு எழுதியிருந்தார். கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டு ஸ்கேன் சொன்ன வயது அதைவிட 10 நாள் குறைவாக இருந்தது. இந்தக் காலகட்டத்தில் வேறுபாடு ஏழு நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் தேதியையே ஏற்க வேண்டும் என்பது நடைமுறை. ஆகவே பழைய தேதியை அடித்துவிட்டு, ஸ்கேன்படி பிரசவத் தேதியை அட்டையின் முகப்பிலேயே சிவப்பில் எழுதினோம். இது ஒன்றையாவது தொடக்கத்திலேயே சரியாகச் செய்தோம்.

17ஆம் வாரத்தில் தெரியவந்தவை

ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுப்பதற்காக, கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு பிற்பகல் அவர் வீட்டுக்குச் சென்றார். திண்ணையில் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு அவர் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஈரப்படுத்திய இலைத் துண்டுகள் ஒருபுறமும் புகையிலைத் தூள் மறுபுறமுமாகத் தட்டு நிறைந்திருந்தது. மாலைக்குள் கணக்கு முடித்துக் கடையில் கொடுத்தாக வேண்டும் என்பதால், பேசும்போதும் விரல்கள் நிற்கவில்லை. பேச்சு முதல் குழந்தையைப் பற்றித் திரும்பியபோது மாமியார் சொன்னார்: “அது எட்டு மாசத்துலயே பிறந்துட்டு நர்சம்மா. ஏழு மாசப் பிள்ளைன்னாலும் பிழைச்சிரும், எட்டு மாசப் பிள்ளை தங்காதுன்னு சொல்லுவாங்கல்லா. அதான் நாங்களும் மனசைத் தேத்திக்கிட்டோம்.”

ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கருப்பைக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அந்த நம்பிக்கையின் தீங்கு, இறப்பை இயல்பானதாக்கிவிடுவதோடு முடிவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி என்றே அது யாருக்கும் தோன்றாமல் போகிறது. குழந்தை தங்கவில்லை, விதி என்று கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

செவிலியர் அதோடு விடவில்லை. “எட்டு மாசம் முடிஞ்சா, நடக்கும்போதா?” என்று கேட்டார். மாமியார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மருமகள் வேறொரு கணக்குச் சொன்னார். கடைசியில், ரேஷன் அட்டையோடு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்த பழைய மருத்துவமனைச் சீட்டை அந்தப் பெண்ணே எடுத்து வந்தார். மடிப்புகளில் கிழிந்து, மை மங்கிய அந்தத் தாளில் ‘31 வாரம், 1,420 கிராம், மூன்றாம் நாள் இறப்பு’ என்று இருந்தது. குழந்தையின் நினைவாக அவரிடம் எஞ்சியிருந்த ஒரே பொருள் அதுவாம்; இத்தனை நாளாக அதை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது கர்ப்பத்தைப் பற்றியும் செவிலியர் அப்போதே கேட்டார். ஐந்தாம் மாதம் நடந்தபோது, வலி என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல், அடிவயிறு கனத்தாற்போல இருந்து, தண்ணீர் போல வந்து, வெளியேறிவிட்டது என்றார் அவர். அதற்கடுத்த ஐந்தாம் மாதத்திலேயே இந்தக் கர்ப்பம். வலியின்றி இடைக்காலத்தில் நேரும் இழப்பு, கருப்பை வாய் வலுவிழந்திருப்பதைச் சுட்டும் முக்கியமான அறிகுறி. எங்கள் அட்டையில் அது வெறும் ‘கருச்சிதைவு 1’ ஆகச் சுருங்கியிருந்தது.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பத்து மாதம் சுமந்து பெறுவதாக நாம் சொல்வது, 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் மிகச் சரியான கணக்கு. பத்து மாதம் என்பது 280 நாள், அதாவது 40 வாரம். ஆங்கில மாதக் கணக்கில் அதுவே ஒன்பது மாதமும் சில நாள்களுமாகிறது. ஆகவே ‘எட்டு மாசம்’ என்று ஒரு தாய் சொன்னால், 28 நாள் மாதக் கணக்கில் எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்த 28ஆம் வாரமாகவும் அது இருக்கலாம். காலண்டர் மாதம் எட்டும் முடிந்த 35ஆம் வாரமாகவும் இருக்கலாம். இடையே ஏழு வாரங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தையும் 35 வாரத்தில் பிறந்த குழந்தையும் மருத்துவக் கண்ணுக்கு வேறு வேறு உலகத்தவை. அடுத்த கர்ப்பத்துக்கு அவை விடுக்கும் எச்சரிக்கையும் ஒரே அளவானது அல்ல: முதல் பிரசவம் எவ்வளவு முன்னதாக நிகழ்ந்ததோ, மீண்டும் அவ்வாறு நிகழும் வாய்ப்பு அவ்வளவு கூடுகிறது.

எங்கள் பணியாளர் எவரும் கவனக்குறைவானவர் அல்லர். படிவத்தில் பிரசவம், உயிர்ப்பிறப்பு, கருச்சிதைவு ஆகியவற்றுக்கு எண் போட இடம் இருந்தது, எண் போட்டார்கள். எந்த வாரத்தில் என்ற கேள்வியை யாரும் அந்தப் பெண்ணின் மொழியில் கேட்கவில்லை.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மறுநாளே அவரை அழைத்துப் பேசி, 18ஆம் வாரத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அனுப்பினேன். பரிந்துரைச் சீட்டில் ‘31 வாரத்தில் குறைப்பிரசவம், வலியற்ற ஐந்தாம் மாத இழப்பு, கருப்பை வாயின் நீளம் பார்க்க வேண்டும்’ என்று எழுதி, பழைய சீட்டின் நகலையும் இணைத்தேன். பிறப்புறுப்பு வழியாக எடுத்த ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 28 மி.மீ. இருந்தது. 24 வாரத்துக்கு முன் 25 மி.மீ.க்குக் குறைந்தால்தான் குறுகியதாகக் கொள்வது வழக்கம். முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இழப்புகள் இருந்திருந்தால் வரலாற்றை மட்டும் வைத்தே கருப்பை வாயை இறுக்கும் தையல் போட்டிருப்பார்கள். இவருக்கு இரண்டு என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது என்று மூத்த மகப்பேறு மருத்துவர் முடிவு செய்தார்.

20ஆம் வாரத்தில் நீளம் 22 மி.மீ.க்குக் குறைந்து, உள்வாய் புனல் போல விரியத் தொடங்கியிருந்தது. முந்தைய குறைப்பிரசவமும் குறுகிய கருப்பை வாயும் ஒன்றுசேர்ந்தால் தையல் பயனளிக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. இந்தத் தையல் முறைகளில் ஒன்றை 1955இல் விவரித்தவர் மும்பையைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் வி. என். ஷிரோத்கர், அதைவிட எளிய முறையை 1957இல் மக்டொனால்டு வெளியிட்டார். இவருக்குச் செய்தது அந்த எளிய முறை. முதுகில் ஊசி போட்டு, 20 வாரம் 4 நாளில் தையல் போட்டார்கள். இரவில் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ள 200 மி.கி. புரோஜெஸ்டிரான் ஹார்மோன் மாத்திரையும் தொடர்ந்தது.

தையலுக்கு முன் எடுத்த சிறுநீர் வளர்ப்புச் சோதனையில் ஈ. கோலை கிருமி, மில்லி லிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வளர்ந்தது. எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி எதுவும் அவருக்கு இல்லை. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் சிறுநீரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அல்புமினும் சர்க்கரையும் பார்க்கும் அந்தச் சோதனை கிருமியைக் காட்டாது. ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிப்பீர்கள் என்று கேட்டபோது, காலையிலும் இரவிலுமாக இரண்டு முறை என்றார். கழிப்பறை வீட்டின் பின்புறத்தில் இருந்தது; தட்டை இறக்கி, கையைக் கழுவி, போய்வந்து மறுபடி உட்கார்ந்தால் ஒரு கட்டு குறையும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார். தொழிலும் தொற்றும் சேரும் இடம் இது. நோய் வரலாறு கேட்கும்போது நாங்கள் இதுவரை தொட்டதே இல்லை. ஏழு நாள் நைட்ரோஃபியூரன்டாயின் கொடுத்து, கிருமி நீங்கியதை மறு சோதனையில் உறுதி செய்த பின்னரே தையல் போட வேண்டும் என்று முதலில் எண்ணியிருந்தோம். கருப்பை வாய் சுருங்கிய வேகத்தைப் பார்த்து, மருந்து தொடங்கிய மூன்றாம் நாளே தையலை முடித்துவிட்டார்கள். மறு சோதனை தெளிவாக வந்தது. ஆயினும் 27ஆம் வாரத்தில் அதே கிருமி மீண்டும் வந்தது. மீண்டும் மருந்து கொடுத்தோம்.

இரத்தசோகைக்கு மாத்திரை ஒத்துவரவில்லை. வாந்தியால் பாதி நாள்கள் விட்டுவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். 22ஆம் வாரம் முதல் எங்கள் நிலையத்திலேயே இரும்புச்சத்து மருந்தான அயர்ன் சுக்ரோஸ் 200 மி.கி. வீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து முறை இரத்தக்குழாய் வழியாக ஏற்றினோம். 30ஆம் வாரத்தில் எச்.பி. 10.6 ஆனது, எடை 45 கிலோ ஆனது.

பீடித் தட்டு

புகைப்பதும் வாயில் புகையிலை அடக்குவதும் குறைப்பிரசவ ஆபத்தைக் கூட்டும் என்பது உறுதியானது. புகையிலைத் தூளைக் கையாள்வதால் மட்டும் இவருக்கு இப்படி நேர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். கருப்பை வாயின் வலுவின்மையும் தொற்றுமே இங்கே முன்னே நிற்கின்றன. ஆனாலும் நாள் முழுதும் மடங்கிய கால், அடக்கிய சிறுநீர், குறைந்த தண்ணீர், தட்டுக்கு மேலே எழும் தூள், அந்தத் தூளோடு அதே அறையில் தூக்கம் என்று இவை எல்லாம் ஒரே உடலில் சேர்ந்திருந்தன.

வேலையை நிறுத்துங்கள் என்று முதலில் எளிதாகச் சொல்லிவிட்டேன். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார், நிறுத்தவில்லை. வாராவாரம் கட்ட வேண்டிய குழுக்கடன் இருந்தது. பாஸ் புத்தகம் அவர் பெயரில் இருந்ததால், கணக்கு விட்டுப்போனால் வருங்கால வைப்பு நிதியும் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. இதையெல்லாம் செவிலியர் கேட்டு வந்து சொன்ன பிறகே என் அறிவுரை எவ்வளவு வெறுமையானது என்று புரிந்தது. மாமியார், நாத்தனார், ஊருக்கு வந்திருந்த கணவர் ஆகியோரை வைத்துப் பேசி, நடக்கக்கூடியதை முடிவு செய்தோம்: அவர் பங்கை நாத்தனார் பெருமளவு எடுத்துக்கொள்வது, தட்டையும் தூளையும் படுக்கும் அறையிலிருந்து திண்ணைக்கு மாற்றுவது, அவர் இலை வெட்டுவதோடு நிற்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துக் கழிப்பறைக்குப் போவது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ளது. அதில் முதலில் வந்த தவணை, எதிர்பார்த்தபடியே, குழுக்கடனுக்குப் போயிற்று. அதில் தவறில்லை, அந்தத் தவணைதான் அவரைச் சில வாரங்கள் தட்டிலிருந்து விலக்கி வைத்தது.

33ஆம் வாரத்து இரவு

குறைப்பிரசவத்தின் அறிகுறிகளை 24ஆம் வாரத்திலேயே குடும்பம் முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தோம்: தண்ணீர் கசிதல், அடிவயிறு விட்டுவிட்டு இறுகுதல், இடுப்பிலிருந்து முன்னோக்கி வரும் வலி, கறை படுதல். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐ அழைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தோம்.

33 வாரம் 2 நாளில், இரவு இரண்டு மணியளவில் படுக்கை நனைந்தது. மாமியார் 108ஐ அழைத்தார். அந்தப் பெண் கிராம சுகாதாரச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தார். மூன்று மணிக்கு முன்பே எங்கள் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். பணியிலிருந்த செவிலியர் விரல் பரிசோதனை செய்யாமல், கிருமி நீக்கிய கருவியால் மட்டும் பார்த்து, பனிக்குடம் உடைந்திருப்பதை உறுதி செய்தார். காய்ச்சல் இல்லை, குழந்தையின் இதயத்துடிப்பு 148.

குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியைப் போடலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அது 34 வாரத்துக்கு உட்பட்ட கர்ப்பத்துக்குரியது. கோயில் கொடையை வைத்துப் போட்ட பழைய கணக்குப்படி அன்று 34 வாரம் 5 நாள். ஸ்கேன் கணக்குப்படி 33 வாரம் 2 நாள். கர்ப்ப வயது தெளிவாகத் தெரியாமல் இந்த ஊசியைப் பரவலாகக் கொடுப்பது நன்மை தராது என்பதை, இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு குறையாமல் சற்றுக் கூடியே இருந்தது. வயதை ஸ்கேனால் உறுதி செய்து, நல்ல மருத்துவமனையில் கொடுத்தால் உயிர் காக்கும் என்பதை 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தியாவையும் சேர்த்து ஐந்து நாடுகளில் நிறுவியது. அட்டையின் முகப்பில் சிவப்பில் இருந்த ஒரே தேதியைப் பார்த்து, என்னைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்டு, செவிலியர் டெக்சாமெத்தசோன் என்ற அந்த ஸ்டீராய்டு ஊசியை 6 மி.கி. போட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் தகவல் சொல்லி அனுப்பினார்.

அங்கே தையலை எடுத்துவிட்டு, தொற்றைத் தடுக்கும் எரித்ரோமைசின் தொடங்கினார்கள். ஊசி 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாக நான்கும் முடிந்தது. 32 வாரம் கடந்துவிட்டதால், மூளையைக் காக்கும் மெக்னீசியம் சல்பேட் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் வலி தானாகத் தொடங்கியது. 33 வாரம் 6 நாளில் இயல்பான பிரசவத்தில் 1,860 கிராம் எடையுள்ள பெண் குழந்தை பிறந்தது. அழுததால், தொப்புள்கொடியை ஒரு நிமிடம் கழித்தே துண்டித்தார்கள்.

குழந்தையின் முதல் வாரங்கள்

பிறந்த ஒரு மணி நேரத்தில் லேசான மூச்சுத்திணறல் தோன்றியது. மூக்கு வழியாக அழுத்தக் காற்று கொடுக்கும் சிகிச்சை 30 மணி நேரம் தேவைப்பட்டது. வென்டிலேட்டர் வரை போகவில்லை. மஞ்சள் காமாலைக்கு இரண்டு நாள் ஒளி சிகிச்சை. உறிஞ்சிக் குடிக்கும் வலு வரும்வரை தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினார்கள்.

இரண்டாம் நாள் முதல் குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு தொடங்கியது. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. பிறந்த உடனேயே தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறையும் என்று காட்டி 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் தில்லி மருத்துவமனை ஒன்றும் பங்கேற்றது. தாய் ஓய்வெடுக்கும் மாலை வேளைகளில் குழந்தையைத் தாங்கியவர் மாமியார். குடும்பக் கணக்குப்படி இதுவும் எட்டாம் மாதம் நடக்கும்போது பிறந்ததுதான். முதல் நாள்களில் அவர் குழந்தைக்குப் பெயர் பற்றிப் பேசவே மறுத்ததாகவும், எட்டாம் நாள் அவராகவே பேசியதாகவும் பிரிவின் செவிலியர் பின்னர் சொன்னார்.

14ஆம் நாள் 1,930 கிராமோடு வீடு திரும்பினார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான விழித்திரைப் பரிசோதனை 28ஆம் நாள் நடந்தது, கோளாறு இல்லை. ஆறாம் மாதத்தில் எடை 6.2 கிலோ, கழுத்து நின்று, குப்புற விழுந்திருந்தது. வளர்ச்சியைக் கணிக்கும்போது ஆறு வாரம் கழித்துக் கணிக்க வேண்டும் என்றும், தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாளே கணக்கு என்றும் அங்கன்வாடிப் பணியாளருக்கு எழுதிக் கொடுத்தோம்.

நாங்கள் மாற்றியவையும் மாற்ற இயலாதவையும்

பிரசவத்தை நிறைமாதம் வரை தள்ள எங்களால் முடியவில்லை. 27ஆம் வாரத்தில் திரும்பிய தொற்றுக்குப் பிறகு, ஒவ்வொரு மாதமும் வளர்ப்புச் சோதனை செய்திருந்தால் பனிக்குடம் உடைந்ததைத் தவிர்த்திருக்கலாமோ என்று இன்றும் எண்ணுகிறேன். 27க்குப் பின் ஒரே ஒரு முறைதான், அதுவும் 29ஆம் வாரத்தில்தான், எடுத்தோம். பதிவின்போதே வரலாறு தெரிந்திருந்தால், கருப்பை வாயின் அளவீட்டை 16ஆம் வாரத்திலேயே தொடங்கியிருக்கலாம். சிறுநீர்த் தொற்றையும் ஒரு மாதம் முன்னதாகக் கண்டிருக்கலாம்.

எங்கள் நிலையத்தின் பதிவுப் படிவத்தோடு இப்போது அரைப் பக்கத் தாள் ஒன்றை இணைக்கிறோம். முன்பு பிறந்த, இறந்த, கலைந்த ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இந்த வரிசையில் கேட்கிறோம்: எந்த மாதம், அது முடிந்ததா நடந்ததா, பிறந்தபோது எடை என்ன, அழுததா, வலி முதலில் வந்ததா, தண்ணீர் முதலில் வந்ததா, பழைய சீட்டு ஏதேனும் வீட்டில் இருக்கிறதா. கடைசிக் கேள்விதான் மிகுந்த பயன் தருகிறது. இழந்த குழந்தையின் சீட்டைத் தாய்மார்கள் அனேகமாகத் தூக்கி எறிவதில்லை. மாதக் கணக்கை வாரமாக்கும் அட்டவணை ஒன்றைச் செவிலியர்களே வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பீடி சுற்றும் கர்ப்பிணிகள் அனைவருக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், முதல் வருகையிலேயே சிறுநீர் வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி அனுப்புகிறோம். மாதிரி மாவட்ட ஆய்வகம் போய்ச் சேரத் தாமதமாகி வீணாவதும் உண்டு. அதற்கு இன்னும் தீர்வு காணவில்லை.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்று கணவன், மனைவி இருவரிடமும் பேசினோம். காப்பர்-டி வேண்டாம் என்றவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியை ஏற்றார். முதல் ஊசி ஆறு வாரம் முடிந்தபின் போட்டாயிற்று. வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் ‘33 வாரம் 6 நாள், 1,860 கிராம், பனிக்குடம் முன்கூட்டி உடைந்தது, அடுத்த கர்ப்பத்தில் 16ஆம் வாரம் முதல் கருப்பை வாயின் நீளம் அளக்க வேண்டும்’ என்று தமிழில் எழுதி, ஒரு நகலைப் பதிவேட்டிலும் ஒட்டினோம்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது அவர் மீண்டும் தட்டை மடியில் எடுத்தார். நிறுத்தச் சொல்ல எங்களிடம் மாற்று வருமானம் எதுவும் இல்லை. தூளைத் திண்ணையிலேயே வைப்பது, சுற்றி முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குவது என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொண்டோம். சென்ற மாதம் போனபோது திண்ணை ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருந்தன. குழந்தை உள்ளறையில், தட்டுக்கு எட்டாத தொலைவில், தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.